கோச்சி வராத படம்

அன்புள்ள அண்ணா,

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பொடியன்கள் எடுத்த ஒரு குறும்படத்தைக் காட்டினோம். 11 நிமிடம். இந்தியாவுக்குப் போவதற்கு முந்தின இரவு ஒரு பெண் தகரப் பெட்டியில் சாமான் அடுக்குகிறாள். எடுக்கிறாள், திரும்ப அடுக்குகிறாள். விடிகிறது, படம் முடிகிறது. என் அம்மாயி "கோச்சி வரவே இல்லையே?" என்று கேட்டார். (ரயிலைத்தான் கோச்சி என்போம்.) அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள்தான், எழுபதுகளில் இந்தியாவுக்குப் போன தன் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்படி ஒருவர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. மூன்று நாளாக நினைத்து நினைத்து அழுகிறார். படத்தை அவருக்குக் காட்டியிருக்கக் கூடாதோ?

ஒரு வாசகி, பொகவந்தலாவ

அன்புள்ள தங்கச்சி,

அம்மாயி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய படமாக இருந்தால் கோச்சி வந்திருக்கும். புகை, கையசைப்பு, ஒரு பாட்டு எல்லாம் வந்திருக்கும். அம்மாயி அங்கேயே அழுது, மூக்கைச் சிந்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். (அதையும் குறை சொல்ல மாட்டேன். அழுவதற்காகவே ஒரே படத்தை மூன்று தரம் பார்த்தவன் நான்.) இந்தப் படத்தில் கோச்சி வராததால், அம்மாயி தன்னுடைய கோச்சியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அது வந்து சேர ஓர் இரவு ஆகியிருக்கிறது.

அந்தக் கோச்சிக்கு இலங்கை மலையகத்தில் பெயரே உண்டு: ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னார் வரை அது, அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குள் உங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இருந்தார் என்பது இந்த 11 நிமிடத்துக்குப் பிறகுதான் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

குறும்படம் என்றாலே மனதைத் தொடும் என்று சொல்ல வரவில்லை. மலையகம் பற்றி வருகிற பலதும் எனக்கு எரிச்சல்தான். மூடுபனி, அட்டை கடித்த கால், வெடித்த விரல், பின்னால் வயலின். நானும் அப்படி ஒன்று எடுத்தேன். கொழும்பில் காட்டியபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் அம்மாவுக்குக் காட்டினேன். "கூடைக் கயித்த தலையில போடாம தோள்ல மாட்டியிருக்கா, இவ எங்க கொழுந்து எடுக்கப் போறா?" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. வயலின் வாசித்தவருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

1934இல் தேயிலை விளம்பரச் சபையின் காசில் இங்கே எடுத்த ஒரு படம் உண்டு, 'சோங் ஒஃப் சிலோன்'. சுமார் 40 நிமிடம். ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னணி வாசகமாக ஒலிப்பது 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகம். தேயிலைக் காசில் எடுத்த படத்துக்கு, தேயிலை இங்கே வருவதற்கு முந்தின காலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் சொற்கள். நான் வியந்து பார்த்தேன், என் வீட்டில் யாரும் நினைவுக்கு வரவில்லை. உங்கள் பொடியன்களுக்கு ஒரு பெட்டி போதுமாக இருந்திருக்கிறது. பெட்டியை எப்படி அடுக்குவார்கள் என்று யாரிடமோ கேட்டுத்தான் எடுத்திருப்பார்கள்.

சரி, உங்கள் கேள்வி. காட்டியது சரிதான். ஒன்று மட்டும் விட்டுப்போனது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கதிரைகளை அடுக்கியிருப்பீர்கள். ஆளுக்கொரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அம்மாயி வயதுக்காரர்கள் அங்கே இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் அல்லவா? இப்போதும் கெட்டுப்போகவில்லை, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் பேசும்போது உடனே போனைத் தூக்கிப் பதிவு செய்யாதீர்கள். சாப்பாடு இறங்காமலே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அந்த அக்கா பெட்டியில் என்ன கொண்டுபோனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று அம்மாயி சொன்னாரா? சொல்லியிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.