எத்தனால் வடிப்பதில் ஸ்டீம் எங்கே வீணாகிறது?

கேள்வி: நொதித்தல் முறையில் எத்தனால் தயாரித்து, நீரை முழுக்க நீக்கி, பெட்ரோலியக் கரைப்பான்களுக்கு மாற்றாக விற்கிறோம். ஸ்டீம் செலவு தாங்கவில்லை. நடுவில் தடுப்புச் சுவர் உள்ள வடிகோபுரம் வைத்தால் 30 சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அருமையான தொழில்நுட்பம்தான், 1985இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் அதை ஆலையில் ஓட்டிக் காட்டியது. ஆனால் அது மூன்று பொருள்களை ஒரே கோபுரத்தில் பிரிப்பதற்கானது. உங்களிடம் முக்கியமாகப் பிரிய வேண்டியவை எத்தனாலும் நீரும் மட்டுமே.

முதலில் ரிஃப்ளக்ஸ் விகிதத்தைப் பாருங்கள். உச்சியில் குளிர்ந்து திரவமாகும் சரக்கில், வெளியே எடுப்பதைப் போல எத்தனை மடங்கைக் கோபுரத்துக்குள்ளேயே திருப்பி விடுகிறோம் என்பதுதான் அது. அது 3 என்றால், 1 கிலோ சரக்கு வெளியே வர 4 கிலோ ஆவி மேலே ஏறியாக வேண்டும். 92 சதவீத எத்தனால் ஆவி ஒவ்வொரு கிலோவிலும் ஏறக்குறைய 950 கிலோஜூல் வெப்பம் இருக்கும். ஆக 3,800 கிலோஜூல், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் வழியாகக் குளிர்நீருக்குப் போகிறது. காசு கரைவது அங்கேதான். விகிதத்தை 2.5 ஆக்கினாலே எட்டில் ஒரு பங்கு குறையும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மேலே தூய்மையையும், கோபுரத்தின் அடியில் வெளியேறும் அடிநீரில் எத்தனால் தப்பிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ரிஃப்ளக்ஸை ஏன் ஏற்றி வைக்கிறோம்? கோபுரத்திலேயே 95 சதவீதத்தைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை. எடையில் 95.6 சதவீதத்தில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். சாதாரண அழுத்தத்தில் அதற்கு மேல் எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாது. அந்த எல்லையை நெருங்க நெருங்க ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் ஸ்டீம் கூடிக்கொண்டே போகும். 92 வாக்கில் நிறுத்திவிட்டு, மீதி நீரை மாலிகுலர் சீவிடம் விடுங்கள்; நுண்துளைகளுள்ள சியோலைட் என்ற கனிமத்தின் மணிகள் நிரம்பிய படுகை அது. 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள சியோலைட்டுக்குள் நீர் நுழையும், எத்தனால் நுழையாது. ஆவியைக் குளிரவைத்து மறுபடி கொதிக்கவிடாமல், ஆவியாகவே அனுப்புங்கள்; பல ஆலைகள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. நீர் கூடினால் சீவ் படுகையும் பெரிதாக வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம், சுமார் 100 டிகிரியில் வெளியேறும் அடிநீரைக் கொண்டு உள்ளே வரும் நொதிச்சாற்றைச் சூடாக்குங்கள். இதற்கு ஒரு வெப்பப் பரிமாற்றி போதும்.

பெரிய முதலீட்டுக்கு மனமிருந்தால், இரண்டு கோபுரங்கள் வைத்து ஒன்றை வெற்றிட அழுத்தத்தில் ஓட்டலாம். வெற்றிடத்தில் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால், மற்றதன் உச்சி ஆவியே இதன் ரீபாய்லரை, அதாவது அடியில் உள்ள கொதிகலத்தை, கொதிக்கவைக்கும். ஒரே வெப்பம் இரண்டு முறை உழைக்கும். நொதிச்சாறு செல்லும் கோபுரத்தை வெற்றிடத்தில் வைத்தால், வெப்பம் குறைவதால் கோபுரத்தின் உள்தட்டுகளான ட்ரேக்களில் கசடு படிவதும் குறையும்.

உச்சி ஆவியைக் கம்ப்ரசரால் அழுத்திச் சூடேற்றி, அதே கோபுரத்தின் ரீபாய்லரில் திரும்பப் பயன்படுத்தும் வழியும் உண்டு. உச்சிக்கும் அடிக்கும் 22 டிகிரி அளவே வித்தியாசம் என்பதால் இது சாத்தியமே. ஆனால் ஸ்டீமுக்குப் பதில் மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதென்றால், கம்ப்ரசரை விட்டுவிட்டு இரட்டைக் கோபுரத்தையே தேர்ந்தெடுப்பேன்.