தம்பியின் தொலைபேசியில் அம்மாவின் ஸ்டேட்டஸ்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். 2003இல் நெதர்லாந்திலிருந்து வந்தோம். எனக்கும் கணவருக்கும் இன்னும் டச்சுக் கடவுச்சீட்டுத்தான். தம்பி 2012இல் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டான். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்ததோடு நிற்காமல், கண்டவரிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தான். "ஐரோப்பாவிலயிருந்து வாறதை நிப்பாட்டினால்தான் எங்கட ஆக்களுக்கு விசா கிடைக்கும்" என்பான். "கூடப்பிறந்தவளையே நாட்டை விட்டுப் போகச் சொன்னவன்" என்பது என் கணவரின் பேச்சு. 2021 நத்தார் விருந்தில் வாய்ச்சண்டை முற்றியது. அன்றிலிருந்து போக்குவரத்து இல்லை. வருகிற செப்டம்பரில் மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அம்மா அழுகிறார். அவருக்கு 74 வயது. அப்பா இறந்த பின் 2019இல் எங்களிடம் வந்தவர். கோடைக்கு ஹொலண்டில் அக்கா வீடு, குளிருக்கு எங்கள் வீடு என்று பாதிக்குப் பாதியாக இருக்கிறார். 2020இல் அவருக்குப் பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸை, அதாவது பிரெக்சிட்டுக்குப் பிறகும் ஐரோப்பியர் இங்கே இருப்பதற்கான தற்காலிக அனுமதியை, தம்பிதான் எடுத்துக் கொடுத்தான். அது இப்போது தானாகவே நீளுமாமே. போன வருடம் ஹொலண்டில் கடவுச்சீட்டையும் புதுப்பித்துவிட்டார், அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. கணவரைச் சம்மதிக்க வைத்துத் தம்பியை அழைப்பது எப்படி?

— லெஸ்டர் வாசகி

பதில்: அழைப்பிதழைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிரெக்சிட்டைச் சொல்லிக் கதை நின்றுபோன வீடுகளிலிருந்து கடிதங்கள் 2016இலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. யார் முதலில் இறங்கி வருவது என்பதைத் தவிர அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. உங்கள் கடிதத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அம்மாவின் ஸ்டேட்டஸைத் தம்பி எடுத்துக் கொடுத்தான் என்கிறீர்களே, யாருடைய தொலைபேசியில் எடுத்தான்?

2020இல் அந்த விண்ணப்பம் எப்படிப் போடப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். கடவுச்சீட்டின் சிப்பைக் கைபேசி செயலியில் வாசிக்க வைத்து, முகத்தைப் படம் பிடித்து, ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத தாய்க்குப் பிள்ளை போட்டுக் கொடுத்தால் அவை இரண்டும் பிள்ளையுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கணக்குக்குள் இன்று நுழைவதானால் கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்த பிறகு ஒரு குறியீடு வரும். அது தம்பியின் தொலைபேசிக்கு வரும், அல்லது அவனுடைய மின்னஞ்சலுக்கு. ஸ்டேட்டஸை 5 வருடம் நீட்டியதாக உள்துறை அமைச்சு அனுப்பிய அறிவித்தலும் அங்கேதான் போயிருக்கும். இது கையில் வைத்திருக்கிற அட்டை அல்ல. அம்மா இந்த நாட்டில் இருக்கிற உரிமை முழுவதும் அந்த இணையக் கணக்கில்தான் இருக்கிறது. அதன் திறப்பு, நீங்கள் நான்கு வருடத்துக்கு மேலாகக் கதைக்காத மனிதனிடம் கிடக்கிறது.

நீங்களோ "நீளுமாமே" என்று எழுதுகிறீர்கள். பெற்ற தாயின் விஷயத்தில் ஒரு மகள் கேள்விப்பட்டதை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய ரசீது எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வீர்கள்.

நீள்வது உண்மைதான். நீண்டாலும் அது பிரீ-செட்டில்ட்தான், நிரந்தரம் ஆகாது. 2025 தொடக்கத்திலிருந்து சிலருக்கு விண்ணப்பிக்காமலே செட்டில்ட் ஸ்டேட்டஸாக, அதாவது நிரந்தர உரிமையாக, மாற்றிக் கொடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் பார்ப்பது வரி, அரச உதவிப் பணம் பற்றிய பதிவுகளை. உங்கள் அம்மா இங்கே ஒரு நாளும் வேலை செய்யவில்லை, உதவிப் பணமும் எடுத்திருக்க மாட்டார். அரசின் கணினியில் அவர் இருப்பதற்கான தடயமே இல்லாதபோது எது தானாக நடக்கும்? 2016 ஜூன் 1ஆம் தேதி வெளியேறும் பக்கத்துத் தலைவர்கள் போரிஸ் ஜோன்சனும் மைக்கேல் கோவும் பிரீத்தி பட்டேலும் சேர்ந்து விட்ட அறிக்கையில், இங்கே ஏற்கெனவே சட்டப்படி இருக்கும் ஐரோப்பியருக்கு நிரந்தர வதிவுரிமை தானாகவே கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள். வென்ற பிறகு எல்லோரும் விண்ணப்பிக்க வேண்டி வந்தது. 2021 ஜூன் 30 என்று கெடுவும் வைத்தார்கள். இந்த விஷயத்தில் இரண்டாம் முறையும் "தானாகவே" என்ற அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் "பாதிக்குப் பாதி". செட்டில்ட் எடுப்பதற்கான பழைய விதிப்படி எந்த 12 மாதத்திலும் மொத்தம் 6 மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் வதிவின் தொடர்ச்சி அறுந்துவிடும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அறுந்தவர்கள் புதிதாகத் தொடங்கவும் முடியாது. உங்கள் அம்மாவைப் போல இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கும் நடுவே போய்வந்த எத்தனையோ பேர் இதில் மாட்டினார்கள். 2025 ஜூலை 16இலிருந்து விதி இளகியிருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 60 மாதத்தில் மொத்தம் 30 மாதம் இங்கே இருந்திருந்தால் போதும். பாதிக்குப் பாதி என்றால் சரியாக 30. ஒரு வருடம் ஜூனுக்குப் பதிலாக ஏப்ரலிலேயே அக்காவிடம் போயிருந்தால் 28தான் வரும். ஆகவே கண்மதிப்பு வேண்டாம், ஒரு கொப்பியில் 60 மாதத்தையும் வரிசையாக எழுதி எண்ணுங்கள்.

போய்வந்த தேதிகளைக் கடவுச்சீட்டில் தேடாதீர்கள். டச்சுக் கடவுச்சீட்டுக்கு ஆம்ஸ்டர்டாமிலும் முத்திரை விழாது, இங்கே தானியங்கி வாயிலால் வருபவருக்கும் விழாது. விமானச் சீட்டுப் பதிவு செய்த மின்னஞ்சல்கள் உங்களிடமும் அக்காவிடமும் இருக்கும், அவற்றிலிருந்து எடுங்கள். இங்கே இருந்ததற்குச் சான்றாக ஜிபி என்ற குடும்ப மருத்துவரின் சந்திப்புக் கடிதங்கள், மருத்துவமனைக் கடிதங்கள், அம்மாவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதன் அறிக்கைகள் என்று, அவருடைய பெயரும் தேதியும் உள்ள காகிதமாக வேண்டும். வீட்டுக்கான கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூராட்சி வரி உங்கள் பெயரில் வருவது உதவாது. பிறந்தநாள் படங்களையும், "என் தாய் என்னுடன் வசிக்கிறார்" என்று நீங்கள் எழுதும் கடிதத்தையும் ஏற்க மாட்டார்கள். இத்தனை குளிர்காலத்தில் அம்மாவை ஜிபியிடம் பதிந்துகூட வைக்கவில்லை என்றால், அதற்கான திட்டு தனியாக இருக்கிறது.

அதற்கு முன் அக்காவிடம் ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஹொலண்டில் வருவது வெறும் ஏஓடபிள்யூ ஓய்வூதியமா, அதற்கு மேல் ஏஐஓ என்ற நிரப்புத்தொகையும் வருகிறதா? நடுவயதில் அங்கே போனவர்களுக்கு முழு ஓய்வூதியம் சேராது. அங்கே வாழ்ந்த வருடத்துக்கு 2 வீதம்தான் சேரும். மிகுதியை ஏஐஓ நிரப்பும். ஏஓடபிள்யூ நாடு மாறினாலும் வரும். ஏஐஓ எடுப்பவர் ஒரு வருடத்தில் 13 வாரத்துக்கு மேல் நெதர்லாந்துக்கு வெளியே இருக்கக்கூடாது. அக்கா வீட்டு விலாசத்தில் பதிவை வைத்துக்கொண்டு அதையும் வாங்கி, இங்கே உள்துறை அமைச்சுக்கு 30 மாதம் லெஸ்டரில் இருந்தேன் என்று எழுதினால், இரண்டு அரசாங்கத்துக்கும் இரண்டு கதை சொன்னதாக ஆகும். அங்கே திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு விண்ணப்பத்தில் கை வையுங்கள்.

கடவுச்சீட்டைப் புதுப்பித்ததால் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். பிரச்சினையே அங்கேதான். கணக்கில் இருப்பது பழைய எண். 2025 ஏப்ரல் 2இலிருந்து ஸ்டேட்டஸ் இல்லாத ஐரோப்பியர் இங்கே வர இடிஏ என்ற பயண அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது தேவையில்லை, ஆனால் புதிய எண்ணைத் தட்டிப் பார்க்கிற விமான நிறுவன ஊழியருக்கு அவர் ஸ்டேட்டஸ் இல்லாத ஒரு டச்சுக்காரராகத் தெரியலாம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் விமான நிலையக் கவுண்டரில் 74 வயது மனுஷி யாரிடம் என்ன சொல்லி விளங்கப்படுத்துவார்?

இனி தம்பி. 2016இல் யார் சரி என்று என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். வெளியேற 51.9 வீதம், இருக்க 48.1 வீதம் என்று நாடே பிளந்தது, உங்கள் லெஸ்டரில் நூலிழையில் இருக்கும் பக்கம் வென்றது. ஊரிலிருந்து மாணவர் விசாவில் வந்து இறங்கிய பையன், பொதுநலவாய நாட்டவன் என்பதால் வாக்களிக்கலாம். 13 வருடம் வரி கட்டிய டச்சுக்காரியான நீங்கள் முடியாது. உங்கள் கணவரின் கோபத்தில் அந்த நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தம்பி நம்பியதும் முழுப் பொய்யாகவில்லை. 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பியருக்கும் மற்றவர்களுக்கும் விசாவுக்கு ஒரே புள்ளிமுறைதான், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஏராளமானோர் வந்தார்கள். பிறகு 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை 38,700 பவுணாக உயர்த்தி அந்தக் கதவையும் பெருமளவு சாத்தினார்கள். அவனுக்கு வேறொரு நட்டமும் உண்டு. பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது டச்சுக் குடியுரிமையை இழந்திருந்தால், அம்மா அக்கா வீட்டில் படுக்கையில் விழுந்தாலும் அவனால் 180 நாளில் 90 நாள்தான் பக்கத்தில் நிற்க முடியும்.

"நாட்டை விட்டுப் போகச் சொன்னவன்" என்று உங்கள் கணவர் சொல்கிறவன்தான், வாக்குப் போட்டு நான்கு வருடம் கழித்துத் தாயை உட்கார வைத்து அந்தப் படிவத்தை நிரப்பியவன். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தும் அதை நிரப்பவில்லை. கதை நின்ற பிறகு அதைப் பொறுப்பெடுத்துப் பார்க்கவும் இல்லை. அவனும் தப்பவில்லை. நீட்டிப்பு மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தானென்றால், என் கண்ணில் அது 2016 வாக்கைவிடப் பெரிய குற்றம். தாயின் காகிதம் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுக்கடன். கோபம் இருக்கிறவர்களுக்கு அதில் விலக்கு இல்லை.

கணவரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் தம்பிக்கு நீங்களே தொலைபேசி எடுங்கள். கலியாணத்தை முதலில் சொல்லாதீர்கள், 2016ஐச் சொல்லவே சொல்லாதீர்கள். "அம்மாவின் கணக்கைத் திறக்கப்போறன், உனக்கு ஒரு கோட் வரும், வாசி" என்றால் போதும். நுழைவதற்குப் பழைய கடவுச்சீட்டின் எண்தான் வேண்டும். புதுப்பிக்கும்போது ஓட்டை போட்டுக் கொடுத்த அந்தப் புத்தகத்தை எறிந்திருந்தால் தம்பியிடம் படப்பிரதி இருக்கும். உள்ளே போனதும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அம்மா பெயருக்கு மாற்றுங்கள், புதிய கடவுச்சீட்டைச் சேருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். ஸ்டேட்டஸை மற்றவருக்குக் காட்ட உதவும், 90 நாள் செல்லுபடியாகும் ஷெயார் கோட் ஒன்றும் எடுத்து வையுங்கள். தம்பி எடுக்கவில்லை என்றால் கணக்கை மீட்க அரச இணையத்தளத்திலேயே வழி உண்டு. செட்டில்ட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கடையில் காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிறவரிடம் போகாமல், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ போங்கள்.

தாய்மாமனை அழைக்கத்தான் வேண்டும். உங்கள் கணவர் வாசலில் வந்து கூப்பிட வேண்டியதில்லை, நீங்களும் அம்மாவும் போய் வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். மாமன் வந்தால் மணவறைப் பக்கம் நிற்கட்டும், அரசியல் கதைத்தால் சாப்பாட்டுப் பக்கம் அனுப்புங்கள்.

எண்ணிப் பார்த்து 30 மாதத்துக்கு ஒன்றிரண்டு குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கணக்கு நாளோடு நகர்வது, அம்மா இந்தக் கோடை இங்கேயே நின்றால் நிரம்பிவிடலாம். செட்டில்ட் கிடைத்த பிறகு தொடர்ந்து 5 வருடம் வெளியே இருந்தால்தான் அது போகும், அக்காவிடம் ஆறுதலாகப் போய்வரலாம். ஆகவே அவருக்கு ஹொலண்ட் சீட்டு இன்னும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று இன்றைக்கே விசாரியுங்கள்.