விதை அசைவதில்லை, வளர்வதில்லை. பிறகு எப்படி அது உயிருள்ளது?

இப்படி ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உயிருள்ளவை அசையும், சுவாசிக்கும், உணரும், வளரும், உண்ணும், கழிவை வெளியேற்றும், இனம் பெருக்கும் என்று பாடத்தில் ஏழு பண்புகள். டப்பாவில் கிடக்கும் அவரை விதை இதில் ஒன்றையும் செய்யவில்லையே என்று கேட்டிருக்கிறாள். இதே கேள்வியில் நானும் சின்ன வயதில் மாட்டிக்கொண்டவன்தான்.

எங்களுக்கு ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காடு. வைகாசி, ஆனியில் நட்டு, தை, மாசியில் வெட்டுவோம். வெட்டிய கிழங்கில் பெரும்பகுதி வேகவைக்கும் கொப்பரைக்குப் போகும். நுரை கட்டி, வாசம் எழும்பி, ஈர்க்குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கும்வரை வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்டு மண்டிக்கு அனுப்புவார்கள். மீதியை விதைக்கென்று வேப்பமர நிழலில் குவித்து, மஞ்சள் இலையால் மூடி வைப்பார்கள். ஒருமுறை நான் மெருகு போட்ட விரலி மஞ்சள் ஒன்றைத் தொட்டியில் ஊன்றி, ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். அப்பாரு, அதாவது என் தாத்தா, பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது வெந்த மஞ்சள் கண்ணு. அதுல எங்க உசுரு இருக்குது?"

அடுத்த வருடம் இன்னொரு கூத்து. விதை மஞ்சளில் கொஞ்சத்தை உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. பிரித்தபோது உள்ளே வேர்த்து, சூடாகி, கொழகொழவென்று இருந்தது. "அதுக்கும் மூச்சு வேணுமில்ல சாமி" என்றார் அப்பாரு.

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. சும்மா கிடக்கும் விதை மஞ்சளின் ஒவ்வொரு செல்லும் சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஆக்சிஜன் கொண்டு மெல்ல எரித்துக்கொண்டிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெப்பமும் வெளியே வருகின்றன. நடவுக்கு எடுக்கும்போது குவியலின் எடை குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீர் வற்றியது பெரும்பங்கு, கிழங்கு தன்னையே தின்றது மீதிக் கதை. அசையவில்லை என்றாலும் செலவு நின்றபாடில்லை.

வெந்த மஞ்சளில் என்ன குறைந்துவிட்டது? நிறம் இருக்கிறது, வாசம் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. கொதிநீரில் புரதங்கள் வடிவம் குலைந்தன, செல்களின் சவ்வுகள் கிழிந்தன, அவ்வளவுதான். சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்க, குடித்தனம் மட்டும் கலைந்துபோன மாதிரி. என்னைக் கேட்டால் உயிர் என்பது பொருளைவிட அந்தக் குடித்தனம்தான்: தனக்கென ஒரு சவ்வுக்குள் இருந்துகொண்டு, வெளியிலிருந்து எதையாவது வாங்கியோ சேமித்ததைச் செலவழித்தோ தன்னை ஓயாமல் பழுதுபார்த்துக்கொள்வது.

ஏழு பண்புகளும் அதன் விளைவுகள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் சிக்கல்தான். கோவேறு கழுதை குட்டி போடாது என்பதற்காக அது உயிரற்றது ஆகுமா? மஞ்சளையே பாருங்கள். அது பூக்கும், ஆனால் மரபைச் சுமக்கும் அதன் குரோமோசோம்கள் மும்மூன்றாக இருந்து, சமமாகப் பிரிய முடியாததால் விதை பிடிப்பது அபூர்வம். காடு முழுக்க நிற்பது பழைய கிழங்குகளின் நகல்கள். கிழங்கைத் தலைகீழாக நட்டாலும் முளை வளைந்து மேலே வந்துவிடும், அதுதான் அதன் உணர்வு. மறுபக்கம் தீயைப் பாருங்கள்: தின்கிறது, காற்று கேட்கிறது, வளர்கிறது, பக்கத்துக் கூரைக்குத் தாவிப் பெருகுகிறது. ஆனால் எந்த அடுப்பிலிருந்து எடுத்துப் பற்றவைத்தாலும் விறகுக்கு ஏற்ற தீதான். தாய்த்தீயின் சாயல் பிள்ளைத்தீக்கு வராது.

உயிர்களில் சாயலைக் கடத்துவது டி.என்.ஏ., செல்லுக்குள் இருக்கும் மரபுக் குறிப்பு. அதை எழுதியிருக்கும் நான்கு வேதி எழுத்துகள் மஞ்சளுக்கும் நமக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றேதான். அதனால்தான் 1978இல் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கான மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தபோது, அது தடுமாறாமல் படித்து அந்தச் சங்கிலிகளைச் செய்து கொடுத்தது; ஆய்வகத்தில் இணைத்ததும் மனித இன்சுலின் ஆனது. 1982இல் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. எல்லா உயிரும் சொந்தம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

வைரஸைக் கேட்பீர்கள். 1935இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பு போலப் படிகமாக்கினார். இலையில் தேய்த்தால் மறுபடி நோய் வந்தது. அதற்கு மரபு உண்டு, சொந்தக் குடித்தனம் கிடையாது. நான் அதை வெளியே நிறுத்துவேன், ஒத்துக்கொள்ளாத உயிரியலாளர்களும் உண்டு.

சரி, அவரை விதைக்கு வருவோம். நன்கு காய்ந்த விதையில் நீர் மிகக் குறைவு, அதனால் செலவும் ஏறக்குறைய நின்றிருக்கும். ஆனால் சவ்வும் புரதமும் குலையவில்லை, நீர் கிடைத்தால் குடித்தனம் மறுபடி தொடங்கிவிடும். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டு பழைய பேரீச்சை விதை 2005இல் முளைத்தது.

மகளை இதைச் செய்யச் சொல்லுங்கள். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பாதியை வேகவைத்து ஆறவிட்டு, இரண்டு பங்கையும் தனித்தனி பாட்டிலில் போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் வைத்து, மூடியை இறுக்குங்கள். மறுநாள் ஊறிய கடலை பாட்டிலில், கடலை மூச்சில் விட்ட கார்பன் டை ஆக்சைடு பட்டு, சுண்ணாம்பு நீர் பால் போல வெளுத்திருக்கும். வெந்த கடலை பாட்டிலில் பெரிய மாற்றம் இருக்காது. அன்றைக்கே பார்த்துவிடுங்கள், நாலைந்து நாள் விட்டால் அதுவும் வெளுத்துவிடும். கடலை பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், வேறு யாரோ, அதாவது நுண்ணுயிர்கள், குடிவந்துவிட்டார்கள்.