அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்

கேள்வி: மூன்று வருடமாகத் தினமும் காலை 5 மணிக்கு எழுந்து, தேதிக்கு ஓர் அதிகாரம் என்ற கணக்கில் பைபிளில் நீதிமொழிகள் வாசிக்கிறேன். இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு எழுதிவிட்டேன். ஆனாலும் ஒரு முடிவெடுக்கத் தெரியவில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். அம்மாவுக்குக் கண்புரை. வெளியே உட்கார்ந்து, 'கொஞ்சம் சத்தமா வாசிப்பா' என்பார்கள். கவனம் சிதறுவதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஞானம் வர நல்ல விளக்கவுரை ஏதாவது சொல்லுங்களேன்.
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: தம்பி, விளக்கவுரை எதையும் நான் சொல்லப்போவதில்லை. வாசித்தும் பயனில்லை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நேரம் கிடைக்கவில்லை, மனம் ஒட்டவில்லை என்பார்கள். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

தேதிக்கு ஓர் அதிகாரம் என்றால் மாதாமாதம் 23ஆம் தேதி 23ஆம் அதிகாரம். அதில் 22ஆம் வசனம்: "உன்னைப் பெற்ற தகப்பனுக்குச் செவிகொடு, உன் தாய் வயதுசென்றவளாகும்போது அவளை அசட்டைபண்ணாதே." மூன்று வருடத்தில் இதை 36 முறை வாசித்திருக்கிறீர்கள். வயதுசென்ற தாய் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே இருந்து வாசித்திருக்கிறீர்கள். அடிக்கோடுகூடப் போட்டிருப்பீர்கள். ஒரு முறையாவது எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கத் தோன்றவில்லையா?

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்லி இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். அது, ஊர் பார்க்க வேண்டும் என்று வீதிச் சந்தியில் நின்று ஜெபித்தவர்களை வைத்துச் சொன்னது. நீங்கள் பார்க்க வேண்டியது மாற்கு 7ஆம் அதிகாரம். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவுகிற வழக்கத்தை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! அம்மாவுக்குத் தர வேண்டிய அரை மணி நேரத்தைத் தேவனுக்குக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அதை அவர் வாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் வாசிக்கிற நீதிமொழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரம் 8ஆம் வசனத்திலேயே "உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே" என்று வந்துவிடுகிறது. கடைசியான 31ஆம் அதிகாரம், லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்தது. நடுவில் எத்தனை இடத்தில் 'என் மகனே' என்று கூப்பிடுகிறது! வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்க வேண்டிய புத்தகம் அது. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் இருந்து ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்தது, நற்செய்தி சொல்லிவந்த பிலிப்புவின் காதில் விழுந்ததால்தானே, கருத்து தெரிகிறதா என்று அவர் கேட்டார்? மனசுக்குள்ளேயே வாசித்திருந்தால் பிலிப்புவுக்கு என்ன தெரிந்திருக்கும்?

என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நான்தான் வாசித்துக் காட்டினேன். "கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை" என்று வந்ததும் 'நிறுத்து' என்றார். அத்தை கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கிய பணத்தை அடைக்கப் பதினோரு வருடம் பட்ட பாட்டை அன்றுதான் வாய்திறந்து சொன்னார். அந்த அதிகாரம் அன்றைக்கு முடியவே இல்லை. அப்புறம் எங்கே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனாலும் எனக்கு அவர் குரல் கேட்கும். அப்படியொரு விளக்கவுரை உங்கள் வீட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

எரிந்து விழுகிறேன் என்கிறீர்கள். விடிந்ததும் முதல் வேலையாகத் தாயை ஒதுக்கிவிட்டுத் தொடங்குகிற நாள் வேறு எப்படிப் போகும்?

சரி, முதலில் அம்மாவின் கண்ணைக் கவனியுங்கள். கண்புரை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே! அரசு மருத்துவமனைகளில் பணம் வாங்காமலே அறுவை செய்து லென்ஸ் வைக்கிறார்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள். வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே போங்கள். பார்வை தெளிந்த பிறகும் சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும்.

நாளைக் காலை அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டு வேண்டாம். நடுவில் நிறுத்தி அம்மா எதையாவது சொல்லத் தொடங்கினால் கேளுங்கள். அதிகாரம் பாதியில் நின்றால் நிற்கட்டும். அடுத்த மாதம் அதே தேதியில் அது மறுபடியும் வரும்.