சதை துடிக்கிறதா, வற்றுகிறதா?

கேள்வி: வயது 29. மூன்று மாதமாகக் கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறது. இணையத்தில் தேடினால் மோட்டார் நியூரான் நோய் (சதையை இயக்கும் நரம்பணுக்கள் அழிவது) என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது.

பதில்: தூக்கம் கெட்டால் துடிப்பு கூடும், காபியும் கூட்டும். வெறும் துடிப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை. பலம் குறைந்திருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? பூட்டில் சாவி திரும்புகிறதா? குதிகாலை ஊன்றி நடக்க முடிகிறதா? எல்லாம் முடிகிறது என்றால், ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தேடுவதை நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58. வலது கையில் சதை வற்றுகிறது. வலியே இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார்கள்.

பதில்: வலியே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தேய்மானம் என்றால் பெரும்பாலும் கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்கும், விரல் மரத்துப்போகும். அவர் கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பள்ளம் விழுந்து, சுண்டுவிரல் பக்கம் மட்டும் சதை பிடிப்பாக இருக்கிறதா? மோட்டார் நியூரான் நோயின் முக்கிய வகையான ஏ.எல்.எஸ். நோயில் அடிக்கடி பார்க்கிற கை அது. இ.எம்.ஜி. (சதையின் மின்துடிப்பைப் பார்க்கும் சோதனை), கழுத்து எம்.ஆர்.ஐ. இரண்டும் பார்க்காமல் கழுத்து அறுவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஏ.எல்.எஸ். பரம்பரை நோயா?

பதில்: பத்தில் ஒன்பது பேருக்கு இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு ஏ.எல்.எஸ். என்று உறுதியாகிவிட்டது. பேச்சு குழறுகிறது, தண்ணீர் புரையேறுகிறது. திடீரென்று அழுகிறார். எவ்வளவு வேகமாகப் போகும்?

பதில்: அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள். பேச்சில் தொடங்குவது சற்று வேகமாகவே போகும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1963 முதல் 2018 வரை இந்த நோயோடு இருந்தாரே என்பார்கள், அது அபூர்வம். ரிலுசோல் மாத்திரை சில மாதங்கள் கூட்டித் தரும், அவ்வளவுதான். அந்த அழுகையும் நோயின் வேலை, மனக்கவலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மருந்து உண்டு. தண்ணீரைவிடக் கூழ் பதம் விழுங்க எளிது. எடை சரிகிறது என்றால் உணவு செலுத்தும் வயிற்றுக் குழாயைத் தள்ளிப்போடாதீர்கள், மூச்சு நன்றாக இருக்கும்போதே வைப்பது நல்லது. அப்புறம், படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். இரவில் பைபாப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி) தேவைப்படலாம்.

கேள்வி: தம்பிக்கு 17. ஒரு கை மட்டும் மெலிகிறது. மோட்டார் நியூரான் நோயில் 'மெட்ராஸ்' வகை என்று ஒன்று இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. இளம் வயதில் கைகால் மெலிவோடு காதும் மந்தமாகும், மெதுவாகத்தான் நகரும். தம்பிக்குக் காது நன்றாகக் கேட்டு, குளிரில் விரல் இன்னும் தளர்கிறது என்றால் ஹிரயாமா நோயாக இருக்கலாம், கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் அழுந்துவதால் கை மெலிவது. அது பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கழுத்தைக் குனிந்த நிலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். நேராக வைத்து மட்டும் எடுத்தால் தவறிப்போகும்.