டிராக்டர் சிப்பரின் கத்திகளை ஆங்கிள் கிரைண்டரில் நாமே சாணை பிடிக்கலாமா?

கைமாறி வந்த டிராக்டர் சிப்பர் (டிராக்டர் விசையில் ஓடி மரத்தைச் சில்லாக நறுக்கும் இயந்திரம்), அதன் சுழலும் தட்டில் நான்கு கத்திகள், தென்னை மட்டையும் வேலிக் கிளைகளும் போட்டால் சில்லாக விழாமல் நார் நாராக வருகிறது, ஒரு கத்தியின் கூர் சிறிது பெயர்ந்து பல் விழுந்திருக்கிறது, கையில் ஆங்கிள் கிரைண்டர் என்ற கைச்சாணை இயந்திரம் இருக்கிறது, பட்டறைக்கு அலையாமல் தோப்பிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் பதில். ஏறக்குறைய இதே நிலையில் இதே கருவியோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு விலையாக நான்கு கத்திகளும், ஒரு பேரிங்கும், பத்து நாள் வேலையும் போயின.

நான் பொறியாளன் அல்லன். பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருப்பவன். எஃகைப் பற்றி நான் சொல்வதில் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும். ஆனால், 'என் தாத்தா அரிவாளைத் தாமே தீட்டவில்லையா, இதற்கு எதற்குப் பட்டறை' என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிவாள் தனி ஆள். அதன் கூர் ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் பிடித்திருக்கும் கை அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். சிப்பர் கத்திகளோ ஒரே தட்டில் நிமிடத்திற்குப் பல நூறு முறை சுற்றும் நால்வர். அவற்றில் ஒன்று மட்டும் இளைத்தால் மற்ற மூன்றும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரத்தை அப்படியே விட்டால், மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தையும் துளைத்துவிடும். மரம் வாங்க ஆள் இல்லை. ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது யார் வாங்குவார்? அதனால்தான் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய சிப்பர் ஒன்றை வாங்கினேன். தண்டை நெடுக்காகப் பிளந்த சிம்புகளையும், மட்டைகளையும், கொண்டைப் பகுதியையும் அதில் கொடுத்துத் தூளாக்கி, குவித்து மட்கவைப்பதுதான் திட்டம்.

தென்னையைப் போலக் கத்தியைத் தின்னும் சரக்கு வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதன் நாரிலேயே மணலின் உறவான சிலிக்கா இருக்கிறது. புயலில் விழுந்து மழையில் புரண்ட மரமென்றால் வெளியே உண்மையான மணலும் ஒட்டியிருக்கும். இது போதாதென்று, எலி ஏறாமலிருக்க மரத்தைச் சுற்றித் தகரம் அடிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. தகரம் துருப்பிடித்து உதிர்ந்த பின்னும் ஆணி மரத்துக்குள்ளேயே கிடக்கும். அப்படியோர் ஆணியைத்தான் மூன்றாம் வாரத்தில் என் சிப்பர் கடித்தது.

மழுங்கல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. கூரான கத்தி வெட்டும் சில்லு இருபுறமும் வழுவழுப்பாக, ஓரம் நேராக இருக்கும். மழுங்கியது வெட்டாமல் கிழிக்கும். நீள நாரும் மாவுத்தூளும் கலந்து விழும், டிராக்டர் முக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், மரம் தானாக உள்ளே போகாமல் கையை உதறும். இந்த உதறல் வந்த பிறகும் மரத்தை அழுத்தித் தள்ளிக்கொண்டு நிற்பது ஆபத்து என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

கத்திகளைக் கழற்றி, வைஸில் பிடித்து, ஆங்கிள் கிரைண்டரால் தீட்டினேன். பொறி பறந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. நுனியோரமாக நீல நிறத்தில் ஒரு கோடு ஓடியதும் பயந்து வாளித் தண்ணீரில் முக்கினேன், சுர்ரென்றது. பிறகு எமரித் தாளால் அந்த நீலத்தைத் தேய்த்துப் போக்கிவிட்டு, கத்தி பளபளக்கிறதே என்று நிறைவோடு மாட்டினேன். முதல் ஒரு மணி நேரம் சில்லு சில்லாகக் கொட்டியது. மூன்றாம் மணி நேரத்தில், தீட்டுவதற்கு முன்பிருந்ததைவிட மோசமாயிற்று.

காகித ஆலையொன்றில் மரம் சில்லாக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பழைய அரத்தை எடுத்துக் கத்தியின் பின்பக்கம் வைத்து இழுத்தார். கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது. அதே அரத்தை நுனியில் வைத்து இழுத்தார். கவ்விப் பிடித்துத் தூள் எடுத்தது. "அரம் கடிக்குது பாருங்க தம்பி. கூரு இருக்குது, உரம் போயிடுச்சு" என்றார். எஃகின் கடினத்தைத்தான் உரம் என்றார்.

அவரிடம் கற்றதையும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கத்திகளை உரமேற்றிய கருவி எஃகில் செய்கிறார்கள். கடினம் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 55-லிருந்து 60 வரை இருக்கும். சாதாரண எஃகில் வைக்கோல் மஞ்சள் தோன்றினால் மேல்தோல் சுமார் 220 பாகை செல்சியஸ் தொட்டது என்றும், நீலம் தோன்றினால் 300-ஐ நெருங்கியது என்றும் கொள்ளலாம். கலப்பு எஃகில் அந்த நிறங்கள் தோன்ற இன்னும் சற்று அதிகச் சூடு வேண்டும். நுனி மிக மெல்லியதாக இருப்பதால் சூடு அங்கே தேங்கி, நிறம் காட்டுவதற்கும் மேலே போய்விடுகிறது; உரம் இறங்கிவிடுகிறது. நிறத்தை எமரி அழிக்கும். இறங்கிய உரத்தைத் திரும்ப ஏற்றாது. சூடான நுனியைச் சட்டென்று தண்ணீரில் முக்கியது இன்னொரு தவறு. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் அதனால் விழும், அடுத்த ஆணிக்குக் காத்திருக்கும்.

கோணத்திலும் நான் கோட்டை விட்டிருந்தேன். என் கத்தி 10 மி.மீ. தடிமன், கூரை நோக்கிச் சாய்வாகத் தேய்த்த பக்கமான சரிவு 30 பாகை. அந்தக் கணக்குக்குச் சரிவின் அகலம் 20 மி.மீ. இருக்க வேண்டும். பெரியவர் வெர்னியர் அளவுகோல் வைத்துக் காட்டியபோது ஓரிடத்தில் 17, இன்னோரிடத்தில் 19, நடுவிலோ தட்டையாக இல்லாமல் வயிறு வைத்திருந்தது. அகலம் 17 என்றால் கோணம் 36 பாகையாகிவிட்டது என்று பொருள். கோணமானி இல்லாதவர்கள் இந்த அகலத்தைக் கொண்டே சரிபார்க்கலாம்: 30 பாகைக்குச் சரிவின் அகலம் தடிமனைப்போல் சரியாக இரு மடங்கு. உங்கள் இயந்திரத்தின் கோணம் வேறாக இருக்கலாம். தீட்டப்படாத புதிய கத்தி ஒன்று கிடைத்தால் அதை அளந்துகொள்ளுங்கள்.

ஆகவே பட்டறைக்குப் போனேன். இங்கேதான் என் மனத்தாங்கல். நகரத்தில் பெயரெடுத்த பட்டறை. தட்டைச் சாணை இயந்திரம், சூடேறாமலிருக்க ஊற்றும் கூலண்ட் எல்லாம் வைத்திருந்தார்கள். கத்திகள் நேரான சரிவோடு, சூடுபட்ட தடமே இல்லாமல் திரும்பி வந்தன. ஆனால் எந்தக் கத்தியில் எவ்வளவு பல் இருந்ததோ அந்தப் பல் மறையும் வரை மட்டும் அந்தந்தக் கத்தியைத் தேய்த்திருந்தார்கள்; ஆணி கடித்த கத்தி மற்ற மூன்றையும்விட 4 மி.மீ. குறுகிவிட்டது. நான்கும் ஒரே தட்டில் சுற்றுபவை என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். பில்லில்கூட 'கத்தி 4 செட்' என்று எழுதியவர்கள், செட் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. அளந்து பார்க்காமல் மாட்டிய குற்றம் என்னுடையதுதான்; அதை மறைக்கவில்லை. எல்லாப் பட்டறையும் இப்படி என்று சொல்ல வரவுமில்லை. இப்போது நான் கொடுக்கும் இடத்தில் எடை பார்க்காமல் கையில் தர மாட்டார்கள்.

4 மி.மீ. என்றால் சிறிதாகத்தான் தோன்றும். 20 செ.மீ. நீளமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள கத்தியில் அது சுமார் 60 கிராம் எஃகு. மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, நிமிடத்திற்கு 1,000 சுற்றில், எதிர்ப்பக்கம் 60 கிராம் கூடுதலாக இருந்தால், ஏறக்குறைய 20 கிலோ எடை தட்டை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே சுற்றுவதற்குச் சமம். முதல் நாள் இயந்திரம் நடுங்கியது. புதுக் கூர் அல்லவா, பழகிவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் பேரிங் போய்விட்டது. நல்லவேளையாகத் தட்டு தப்பியது.

இப்போது செய்யும் முறை இது. டிராக்டரிலிருந்து சிப்பருக்கு விசை கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, டிராக்டர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே மூடியைத் திறக்கிறேன். இயந்திரத்தை நிறுத்திய பின்னும் கனத்த தட்டு வெகுநேரம் ஓடும். நின்றுவிட்ட தட்டையும் ஒரு விரல் தள்ளினால் திரும்பும், கத்தி அங்கேயே இருக்கிறது. அதனால் பூட்டு ஊசி போட்டோ, கட்டை ஆப்பு வைத்தோ தட்டைக் கட்டிவிட்டு, தோல் கையுறையோடுதான் தொடுகிறேன். கத்திகளைக் கழற்றும்போதே ஒன்று, இரண்டு என்று எண் குறித்துவிடுகிறேன்.

பட்டறையில் கத்தியைக் கொடுக்கும்போது நான் சொல்வது மூன்றே செய்திகள்: எந்தக் கத்தியில் பல் ஆழமோ அதன் அளவுக்கு நான்கையும் சேர்த்தே தேய்க்க வேண்டும், கூலண்ட் இடைவிடாமல் ஓட, ஒரு நடைக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, சரிவுப் பக்கத்தை மட்டும் தொட வேண்டும், தட்டைப் பக்கத்தைத் தொடவே கூடாது. திரும்ப வந்ததும் மளிகைக் கடைத் தராசில் நான்கையும் நிறுத்து, எடை நெருங்கியவற்றை எதிரெதிரே மாட்டுகிறேன். நுனியில் ஒட்டியிருக்கும் பிசிறை மட்டும் எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பில் எடுப்பேன். வீட்டில் செய்யத்தக்க சாணை வேலை அவ்வளவுதான்.

மாட்டுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். கத்தி உட்காரும் இடத்தில் சிக்கிய நாரையும் காய்ந்த பிசினையும் சுரண்டித் துடைக்காவிட்டால், அடியில் பொய்யாக உட்கார்ந்த கத்தி அடி விழும்போது வளைந்து உடையும். போல்டுகள் உயர் வலிமை ரகமாக இருக்க வேண்டும். கழுத்து இழுபட்டதையோ தலை தேய்ந்ததையோ மறுபடி போடாதீர்கள். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். குழாயை மாட்டிப் பலமுள்ள மட்டும் இழுப்பது வீரமாகத் தோன்றினாலும் போல்டைக் கொல்லும் வழி அதுதான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

அடுத்து, எல்லாரும் மறப்பது. சுற்றும் கத்திக்கு எதிரே அசையாமல் நிற்கும் கத்தி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் ஆன்வில் என்பார்கள். கத்தரிக்கோலின் இன்னோர் அலகு அது. சாணை பிடிக்கப் பிடிக்கக் கத்தி குறுகும். இரண்டுக்கும் இடையே உள்ள சந்து மாறும். சிறிய சிப்பர்களில் இந்தச் சந்து பெரும்பாலும் 1-லிருந்து 3 மி.மீ. வரை, என்னுடையதில் ஒன்றரை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு, நான்கு கத்திக்கும், ஒவ்வொன்றின் இரு முனையிலும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சந்து அகன்றுவிட்டால் புதுக் கத்தி போட்டாலும் நார்தான் வரும். உங்கள் இயந்திரத்தில் நார் வருவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஐயம். ஆன்வில்லின் ஓரம் உருண்டிருந்தால் அதையும் திருப்பிப் போடவோ சாணைக்குக் கொடுக்கவோ வேண்டும்.

எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை என்பதற்குப் பொது விடை இல்லை. சுத்தமான சவுக்குக் கிளையென்றால் இருபது மணி நேரம் எனக்குத் தாங்குகிறது; மண் ஒட்டிய தென்னை மட்டையென்றால் பத்தைத் தாண்டுவதில்லை. இரவில் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால், மட்டைச் சாறு விடிவதற்குள் துருவைக் கொண்டுவந்துவிடும். வாடகைக்கு இயந்திரம் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் தகரம் அடித்த மரமா என்று கேட்டுவிட்டே போகிறேன். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, ஆணி கடித்ததும் 'பழைய மரம், எங்களுக்கு எப்படித் தெரியும்' என்பவர்களே அதிகம்; கத்திக்கான செலவைப் பேச்செடுத்தால் மணி வாடகையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கத்தியில் பல்லின் ஆழத்தை நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் வெர்னியரில் அளந்து, போல்ட் துளையின் ஓரத்திலிருந்து கூர் வரை மீதமிருக்கும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அந்த ஆழம் நான்கு கத்தியிலும் தேய்ந்த பிறகும், தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச அகலத்துக்கு மேலேயே நின்றால் சாணைக்குக் கொடுங்கள். நிற்காதென்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் நான்கையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.