விளிம்பில் ஓடும் எழுத்து

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நியூயார்க்கில் உள்ள யூத அருங்காட்சியகத்துக்கும் போனோம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு கிட்டுஷ் கோப்பை ஒன்றைப் பார்த்தேன். வெள்ளியில் தங்க முலாம். நகரவே மனமில்லை. இவற்றை வடித்தவர்கள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கிறிஸ்தவத் தட்டார்கள் என்று உடன் வந்தவர் சொன்னார். அப்படியானால் இது எப்படி யூதக் கலையாகும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தாராளமாக யூதக் கலைதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வுநாள் பிறந்துவிடுகிறது. திராட்சை ரசம் ததும்பும் கோப்பையைக் கையில் ஏந்தி, வீட்டில் ஒருவர் ஆசி சொல்வார். அதுதான் கிட்டுஷ். கோப்பைக்கான விதிகள் கொஞ்சம்தான்: உடையாமல் சுத்தமாக இருக்கவேண்டும், குறிப்பிட்ட அளவு ரசம் பிடிக்கவேண்டும். அந்த அளவு ஒரு கணக்கில் 86 மில்லி, இன்னொரு கணக்கில் 150 மில்லி. வெள்ளி வேண்டும் என்று எங்கும் கிடையாது. கண்ணாடித் தம்ளரே போதும். ஆனால் வேதக் கட்டளையை அழகாக நிறைவேற்று என்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூது. அவர்களின் வேதமான தோரா சுருளை நல்ல மையில், நல்ல எழுதுகோலால், தேர்ந்த எழுத்தரைக் கொண்டு எழுது என்று உதாரணமும் தருகிறது. வெள்ளிக் கோப்பை வந்தது அந்த ஆசையில்தான்.

ஜெர்மன் நகரங்களின் கைவினைஞர் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்பர்க் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அவர்களை வெளியேற்றியிருந்தது. ஊருக்குள் குடியிருக்கக்கூட உரிமையில்லாதவர்கள், அதே ஊர்ப் பட்டறையில் தங்கள் கோப்பைக்கு வேலை கொடுத்தார்கள். அடியில் பைன் காய் முத்திரை இருந்தால் அது ஆக்ஸ்பர்க் சரக்கு.

வேலையைப் பாருங்கள். வெள்ளித் தகட்டைத் தட்டிக் குழித்து, தார் போன்ற கீல் படுக்கையில் வைத்து, உள்ளிருந்து அடித்துப் பூவும் கொடியும் புடைக்க வைப்பார்கள். பிறகு வெளியிலிருந்து சிற்றுளியால் ஒவ்வொரு இதழையும் திருத்துவார்கள். ரசத்தின் புளிப்பு வெள்ளியைப் பாதிக்கும் என்பதால் உட்புறம் முழுக்கத் தங்க முலாம். இதெல்லாம் எந்தப் பிரபு வீட்டுக் கிண்ணத்திலும் கிடைக்கும். சில சமயம் அப்படிச் சாதாரணமாகச் செய்து வைத்த கிண்ணத்தையே வாங்கி எபிரேயம் பொறித்துக்கொண்டதும் உண்டு.

நான் வியப்பது விளிம்பை. பல கோப்பைகளில் உதட்டை ஒட்டி ஒரு பட்டை வழவழப்பாக விடப்பட்டிருக்கும். அதில் எபிரேயத்தில் ஒரு வரி: "ஓய்வுநாளை பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக." எபிரேயத்தில் கிடைக்கோடு தடிப்பு, நிற்கும் கோடு மெலிவு. அதை வளைந்த வெள்ளியில், வலமிருந்து இடமாக, தனக்குப் பழக்கமில்லாத எழுத்தில் ஒருவர் வெட்டவேண்டும். ரேஷ், தாலெத் என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு மூலை அளவில்தான் வேறுபடும். மூலை மழுங்கினால் எழுத்தே மாறிவிடும். எழுத்து மாறிப்போன பொருட்களும் இருக்கின்றன. வரி சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தைத் தொடும்போது இடம் மிஞ்சவும் கூடாது, நெருக்கவும் கூடாது. அந்தக் கைக்குக் கும்பிடு போடாமல் இருக்க முடியுமா?

அந்த வரியைக் கேட்டு வாங்கியது யூத வீடு. வாரந்தோறும் அதைக் கையில் எடுத்ததும் அந்த வீடுதான். உளி பிடித்தவரின் மதம் அதை மாற்றிவிடாது. அதற்காக அவருக்குரிய மரியாதையைக் குறைக்கவும் நான் சம்மதிக்கமாட்டேன்.

அப்புறம், நீங்கள் போன அருங்காட்சியகத்திலேயே 1956ல் ஒரு பட்டறை தொடங்கினார்கள். அதை நடத்தியவர் லூட்விக் யெஹூதா வோல்பெர்ட், ஜெர்மனியிலிருந்து 1933ல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்த யூதக் கலைஞர். அவர் பூவையும் கொடியையும் உதறிவிட்டு, எபிரேய எழுத்தையே அலங்காரமாக்கினார். ஆக்ஸ்பர்க் விளிம்பில் ஒரு பட்டையாக இருந்தது அவரிடம் பொருளின் உருவத்தையே தீர்மானித்தது. அடுத்த முறை போனால் அவர் வேலைகளையும் தேடிப் பாருங்கள். ஆக்ஸ்பர்க் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வரியின் கடைசி எழுத்து முதல் எழுத்தைச் சந்திக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.